இருவர் சாயும் கல்மஞ்சம்

இந்த நாற்காலி நன்றாகத்தான் இருக்கிறது, ஐயா. முதுகுக்கு இதமாக இருக்கிறது. அத்திப்பழம் மட்டும் இப்போது வேண்டாம். உட்கார்ந்து சாப்பிட்டால் எனக்குத் தொண்டையிலேயே நிற்கும். கல்யாணமான நாளிலிருந்து சாய்ந்தே சாப்பிட்டுப் பழகிவிட்டது. பேசி முடித்த பிறகு எங்கேயாவது ஒரு திண்டு கிடைத்தால் பார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்டது என் கணவன் வெல்தூரைப் பற்றி. சொல்கிறேன். இத்தனை நாளும் நான் எதையோ மூடி மறைத்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். கப்பலில் போய்விட்டான் என்று முதலில் சொன்னதுகூட நான் அல்ல. வெல்தூரின் தம்பி சேத்ரே சுரங்கத்திலிருந்து வந்ததும், "என்ன அண்ணி, அண்ணன் அந்தக் கிரேக்கனோட கப்பல்ல ஏறிட்டாரா?" என்று அவனாகவே கேட்டான். நான் மறுக்கவில்லை.

எங்கள் வீடு உங்களுக்குப் புதிதல்ல. கைஸ்ராவில் பெரிய மனிதர்கள் எல்லோரும் அங்கே விருந்துண்டவர்கள்தாம். போன வருடம் நீங்களும் உங்கள் மனைவியும் வலப்பக்கத்து மஞ்சத்தில் சாய்ந்திருந்தீர்கள். விலாங்கு மீனை அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கியது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதிக்கொள்கிறவர் வெளியூர்க்காரர் போலிருக்கிறது. அவருக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். ராஸ்னாக்களாகிய எங்களிடம் மனைவி கணவனோடு ஒரே மஞ்சத்தில் சாய்ந்து சாப்பிடுவாள். பிள்ளைகள் உட்காருவார்கள், வேலைக்காரர்கள் நிற்பார்கள். தெற்கே ரோம் ஊர்க்காரர்கள் சாய்ந்துகொண்டு, பெண்டாட்டியைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைக்கிறார்கள். கிரேக்கர்கள் அதுவும் செய்வதில்லை. அவர்களுடைய விருந்தில் மஞ்சத்தில் சாய்கிற பெண் ஒருத்திதான், அவளைக் கூலி கொடுத்துக் கூட்டிவருவார்கள். மனைவி உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு நூல் நூற்பாள்.

எங்கள் கல்யாணத்தில் இருவரையும் ஒரு மஞ்சத்தில் சாய்த்து, ஒரே போர்வையைப் போர்த்தினார்கள். நான் முன்னால், அவன் எனக்குப் பின்னால். என் இடது முழங்கை திண்டில், அவன் வலது கை என் தோளில். அன்றிலிருந்து எங்கள் சாப்பாடு அப்படித்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் அந்த மஞ்சத்துக்கு நடுவில் வர யாரும் இல்லை. விருந்தாளிகளைப் பற்றி அவன் என் காதுக்குப் பின்னால் கிசுகிசுப்பான். அவன் சிரித்தால் அந்தச் சிரிப்பு முதலில் என் முதுகில்தான் தெரியும், அதற்குப் பிறகுதான் காதில் விழும். அவித்த முட்டையில் மஞ்சள் கரு அவனுக்குப் பிடிக்காது. வெள்ளையைத் தின்றுவிட்டுக் கருவை எனக்குக் கொடுத்துவிடுவான்.

"அண்ணே, வாயிலயே ஊட்டிவிட்டுடு. உங்க ரெண்டு பேரையும் பார்த்தா எனக்கும் கல்யாண ஆசை வந்துடும் போல," என்பான் எதிர் மஞ்சத்தில் கிடக்கும் சேத்ரே.

"உனக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்? சாய்ஞ்ச உடனே குறட்டை விடுறவனுக்கு மஞ்சம் எதுக்கு, மாட்டுத் தொழுவம் போதாதா?" என்பான் வெல்தூர்.

நல்ல மனிதன்தான், ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வெல்தூர் இரும்பும் வெண்கல விளக்கும் விற்றான். வாங்குகிறவர்கள் கிரேக்கர்கள். கிரேக்கம் அவனுக்குச் சரளமாக வரும், கூட்டாளி யாரும் கிடையாது. பேச்சில் ஏமாறும்போது பக்கத்தில் இன்னொரு காது இருந்தால் நன்றாயிருக்கும் என்று அடிக்கடி சொல்வான். அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். துறைமுகத்தில் பானைகளுக்குப் படம் எழுதும் கிரேக்கன் ஒருவன் இருந்தான். துணி விலை பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, குளிர்காலம் முழுக்க அவன் மனைவியிடம் போய்க் கிரேக்கம் படித்தேன். என் நாக்கு புரளாதபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். மொட்டு விடும் காலத்துக்குள் கேட்டால் எல்லாம் புரிகிற அளவுக்கு வந்துவிட்டேன். வெல்தூரிடம் சொல்லவில்லை. அடுத்த கிரேக்க விருந்தாளி வரும்போது மஞ்சத்தில் சாய்ந்தபடியே நானே வாய் திறந்து வரவேற்க வேண்டும், அவன் ஆச்சரியப்படுவது என் முதுகில் தெரிய வேண்டும். அதுதான் என் ஆசை.

வந்தவர் பெயர் லாம்போன். கனத்த உடம்பு, மெல்லிய குரல், வயதானவர். அவருடைய கப்பல் வந்தால் அந்த வருடம் நம் ஊரில் பாதிப் பேருக்கு வேலை என்பது உங்களுக்கும் தெரியும். அவர் முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வலப்பக்கத்து மஞ்சத்தில் தனியாகச் சாய்ந்தார். நான் வந்து வெல்தூருக்கு முன்னால் சாய்ந்ததும் அவர் புருவம் உயர்ந்தது. சொல்ல வேண்டிய வாக்கியம் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதற்குள் அவர் கிரேக்கத்தில் கேட்டார்:

"பரவாயில்லையே வெல்தூர். நல்லாத்தான் இருக்கா. எங்க புடிச்சே?"

நான் தப்பாகக் கேட்டிருப்பேன் என்றுதான் நினைத்தேன். வெல்தூர் சரியாகச் சொல்லட்டும், பிறகு பேசலாம் என்று காத்திருந்தேன்.

"ஊர்லதான். விருந்துன்னா கூப்பிட்டுக்குவோம். குழல் வாசிப்பா," என்றான் வெல்தூர்.

"உன் பொண்டாட்டி ஒண்ணும் சொல்ல மாட்டாளா?"

"அவ உள்ள இருக்கா. வெளியாளுக்கு முன்னால எங்க வீட்டுப் பொம்பளைங்க வர மாட்டாங்க. எல்லாம் உங்க ஊர் மாதிரிதான்."

"அப்படியா? உங்க ஊரைப் பத்தி வேற மாதிரி இல்ல சொல்றாங்க?"

"கண்டவன் கண்டபடி பேசுவான்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு வழக்கம்போல என் முதுகில் தெரிந்தது.

அவனுடைய நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. மனைவியை விருந்தாளி முன் சாய்க்கிறவனை அவர்கள் மதிக்க மாட்டார்கள் என்று பயந்திருப்பான். ஒரு நொடியில் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பான். நான் நியாயமாக யோசிக்கிறவள். அந்த ஒரு நொடியை நான் மன்னித்திருப்பேன்.

லாம்போன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப இந்தப் பக்கம் கொஞ்சம் அனுப்பேன். தனியாச் சாப்பிட்டா எனக்கு ருசிக்கறதில்ல," என்றார்.

என் தோளில் இருந்த வெல்தூரின் கை எழுந்தது. அவ்வளவுதான் நடந்தது. யாரும் என்னைத் தள்ளவில்லை, இழுக்கவில்லை. அந்தக் கை எழுந்த இடத்தில் காற்று பட்டது, குளிர்ந்தது.

நம் மொழியில் மெல்லச் சொன்னான்: "ராம்தா, கொஞ்ச நேரம் அவரு மஞ்சத்துல போய்ச் சாய்ஞ்சுக்கோ. விருந்தாளியைக் கவுரவிக்கிறது அவங்க வழக்கம். வித்தியாசமா எடுத்துக்காதே."

போனேன். லாம்போனின் கை என் இடுப்பில் இருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை, அவரும் அதற்கு மேல் போகவில்லை. கிரேக்கக் கோப்பைகளின் அடியில் ஒரு முகம் வரைந்திருப்பார்கள், குடித்து முடித்தால்தான் தெரியும். வெல்தூர் விருந்து முடியும்வரை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் சமையல்காரி முட்டைத் தட்டோடு வந்தவள் நான் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். அவளுக்குக் கிரேக்கம் தெரியாது. ஆனாலும் நின்றாள்.

மறுநாள் காலையில் அவன் மிகுந்த உற்சாகமாக இருந்தான். "கப்பல் மொத்தமும் நமக்குத்தான் ராம்தா. நீ ரொம்ப அழகா நடந்துக்கிட்டே," என்றான்.

"அவரு என்னைப் பார்த்து ஏதோ கேட்டாரே, என்ன?" என்று கேட்டேன்.

"உன்னைப் பத்தித்தான். என் பொண்டாட்டி, இந்த வீட்டுக்கே அவதான் ராணின்னு சொன்னேன். அசந்துட்டாரு மனுஷன்."

முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை, ஐயா. முந்தைய நாள் சொன்ன பொய் ஒரு கிரேக்கனுக்கு. இது எனக்கு. நான் கேட்டது ஒரே கேள்வி. அவன் உண்மையைச் சொல்லித் தலைகுனிந்திருந்தால், இன்று நாம் இருவரும் இங்கே எதிரெதிரே உட்கார்ந்திருக்க மாட்டோம்.

சில நாள் கழித்து லாம்போன் இன்னொரு முறை விருந்துக்கு வந்தார். அன்று காலையிலேயே வெல்தூர் என்னிடம் வந்து நின்றான்.

"இந்தத் தடவை நாற்காலியில உட்காரு ராம்தா. முக்காடு போட்டுக்கோ. ஒரு வணக்கம் வெச்சுட்டு உள்ள போயிடு."

"ஏன்?"

"அது அவங்க வழக்கம்."

"போன தடவை அவரு மஞ்சத்துல சாய்ஞ்சதும் அவங்க வழக்கம்னுதானே சொன்னே?"

"வியாபாரம்னா கொஞ்சம் வளைஞ்சு குடுக்கணும்மா."

"நீ எங்க வளையறே? என்னைத்தானே வளைக்கிறே."

"அடேயப்பா, என்ன நாக்கு," என்று சிரித்துக்கொண்டே என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனான்.

முக்காட்டோடு நாற்காலியில் உட்கார்ந்தேன். என் வீட்டுக் கூடத்தில், என் மஞ்சத்துக்குப் பக்கத்தில், கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு. லாம்போன் தள்ளி நின்று, தலை குனிந்து, என் முகத்தைப் பார்க்காமலே வணங்கினார். நூல் நூற்க, தந்தத்தில் கடைந்த ஒரு தக்ளியைப் பரிசாக நீட்டினார். என் இடுப்பில் இருந்த அதே கை இப்போது என் விரல் படாதபடி எவ்வளவு ஜாக்கிரதையாக நீண்டது தெரியுமா. வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனேன். நான் மறைந்த உடனே அவர் குரல் கேட்டது.

"அந்தக் குழல்காரி எங்க, காணோம்?"

"அவளா? சரிப்பட்டு வரல. அனுப்பிட்டேன்," என்றான் என் கணவன்.

பிறகு போய்ச் சமையலைக் கவனித்தேன். அன்று பன்றி இறைச்சி நன்றாக வெந்திருந்தது.

இவ்வளவும் நடந்த பிறகும் நான் எதுவும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆத்திரத்தில் செய்தேன் என்று சேத்ரே உங்களிடம் சொல்லியிருப்பான். அவன் என்மேல் பாசமுள்ளவன், அப்படிச் சொன்னால் தண்டனை குறையும் என்று நினைத்திருப்பான். நான் ஆத்திரப்படவில்லை.

அடுத்தது கல்லறை மேட்டில் நடந்தது. எங்கள் குடும்பக் கல்லறை மாமனார் குடைவித்தது. உள்ளறையில் அவரைக் கிடத்தியிருக்கும் கல்மஞ்சம் ஒரு பக்கம். மறுபக்கத்துப் பாறையில் எங்களுக்காக ஒரே ஒரு மஞ்சத்தை வெட்டச் சொல்லியிருந்தோம். வழக்கமாக ஆணுக்குக் கால் வைத்த மஞ்சமும் பெண்ணுக்குப் பெட்டி போன்ற படுக்கையும் தனித்தனியாக வெட்டுவார்கள். எங்களுக்கு அது வேண்டாம் என்று நாங்கள் இருவருமாகப் போய்க் கல்தச்சன் ஆவ்லேயிடம் சொன்னோம். இருவர் சாய அகலமான ஒன்று, இரண்டு கல் தலையணை. ஆவ்லே அளவெடுக்க வேண்டும் என்றபோது வெல்தூர் தரையிலேயே என்னைச் சேர்த்துப் பிடித்துச் சாய்ந்து காட்டினான். ஆவ்லே வெட்கப்பட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

மாமனாரின் நினைவு நாள் நெருங்கியது. விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போனேன். உள்ளறை முழுக்க வெள்ளைக் கல்தூள். ஆவ்லே உளியோடு எழுந்து நின்றான்.

"ஐயாதாம்மா சொன்னாரு," என்றான் நான் கேட்பதற்கு முன்பே. "அந்தக் கிரேக்கப் பெரியவரைக் கூட்டிட்டு வந்து காட்டினாரு. அவரு பார்த்துட்டு ஏதோ சொல்லிச் சிரிச்சாரு. மறுநாளே ஐயா வந்து, இதை ஓராள் மஞ்சமாக் குறைச்சுடு, அம்மாவுக்கு வெளியறையில ஒரு பெட்டி வெட்டிடுன்னுட்டாரு. நல்லா யோசிச்சீங்களாய்யான்னு கேட்டேம்மா. கல்லுல குறைக்கத்தான் முடியும், கூட்ட முடியாது."

மஞ்சத்தின் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். என் பக்கம் இல்லை. என் தலையணை இருந்த இடத்தில் சமமாகச் செதுக்கி வைத்திருந்தான். நல்ல வேலைக்காரன்.

"சரியாத்தான் பண்ணியிருக்கே," என்றேன்.

விருந்தில் ஒரு பொழுது என்னை இறக்கிவைத்தான் என்றால் அது வியாபாரம். இது அப்படியல்ல. இங்கே விருந்தாளி யாரும் வரப்போவதில்லை. நாங்கள் இருவர் மட்டுமே இருக்கப்போகும் இடத்திலிருந்தும், காலத்துக்கும் என்னை அனுப்பிவிட்டான்.

நினைவு நாள் அன்று வழக்கப்படி கல்லறைக்குள் சாப்பாடு. சேத்ரே சுரங்கத்தில் இருந்தான். வெல்தூர் அன்று மாலையே துறைமுகத்துக்குப் போவதாக இருந்தான். மறுநாள் காலையில் லாம்போனின் கப்பல் கிளம்புகிறது, தானும் தெற்கே ஒரு நடை போய்வரலாமா என்று யோசித்து மூட்டைகூடக் கட்டியிருந்தான். நானே சமைத்தேன். முட்டை, பன்றி இறைச்சி, பாலாடைக்கட்டி, தேன் கலந்த மது. மதுவில் கசகசாச் செடியின் பாலைக் கலந்தேன். நம் வீடுகளில் பல்வலிக்குக் கொடுக்கிறதுதான். கொஞ்சம் கூடுதலாக.

விளக்கேற்றி மாமனாருக்குப் படைத்த பிறகு, "புது மஞ்சம் எப்படி இருக்குன்னு சாய்ஞ்சு பாரேன்," என்றேன்.

அவன் முகம் மாறியது. நான் பார்த்துவிட்டேன் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. நான் சாதாரணமாக இருப்பதைப் பார்த்து நிம்மதியடைந்து சாய்ந்தான்.

"குளிருது. ஆனா அளவு சரியா இருக்கு."

"எனக்கு இடம் இருக்கா?"

"உனக்குத் தனியாவே பண்ணச் சொல்லியிருக்கேன். பெரிய பெட்டி. இந்தக் காலத்துல அதுதான் கவுரவம் ராம்தா. நாலு பேரு பார்த்தாச் சிரிக்கக் கூடாது பாரு."

மதுவைக் கொடுத்தேன். குடித்தான். முட்டையை உரித்து வெள்ளையைத் தின்றுவிட்டுக் கருவை என்னிடம் நீட்டினான். நான் அதைத் தின்றேன். கொஞ்ச நேரத்தில் அவன் பேச்சு குழறியது, தூங்கிவிட்டான். நான் அவனுக்கு முன்னால் அந்தக் குறுகிய கல்லின் விளிம்பில் சாய்ந்து பார்த்தேன். என் உடம்பில் பாதி வெளியே தொங்கியது. அவன் கையை எடுத்து என் தோளில் வைத்தேன், அது நழுவி விழுந்தது. இன்னொரு முறை வைத்தேன். அதன் பிறகு எழுந்துகொண்டேன்.

அவனுக்குக் குளிராமல் போர்வை போர்த்தினேன். விளக்கை அணைக்கவில்லை. பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் வைத்தேன். கொல்ல நினைத்தவள் தண்ணீர் வைப்பாளா, ஐயா? நீங்களே சொல்லுங்கள்.

நான் வெளியே வந்தபோது, கதவை மூட ஆவ்லேயின் ஆட்கள் அப்போதுதான் மேட்டில் ஏறி வந்தார்கள். "ஐயா எங்கம்மா?" என்று ஒருவன் கேட்டான். துறைமுகத்துக்குப் புறப்பட்டுவிட்டார் என்றேன். நான்கு பேர் சேர்ந்து கதவுக்கல்லை உருட்டி வைத்தார்கள். ஓரங்களில் களிமண் பூசினார்கள். மேலே ஒரு மூலையில் கை நுழையாத அளவுக்கு ஒரு சந்து எப்போதும் இருக்கும், அதை யாரும் பூசுவதில்லை. அவர்களுக்குக் கூலியும் மிச்சமிருந்த இறைச்சியும் கொடுத்து அனுப்பினேன். அவர்கள்மேல் எந்தக் குற்றமும் இல்லை. தயவுசெய்து இதை எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் படையல் கூடையோடு போனேன். அவன் விழித்திருந்தான். கத்திக் கத்திக் குரல் தேய்ந்திருந்தது. மேட்டுச் சரிவில் நின்ற ஓர் ஆட்டுக்காரன், "அம்மா, உள்ளே ஏதோ சத்தம் கேக்குதும்மா," என்றான். "மாமனாருக்கு நேத்துதான் நினைவு நாள். பசி அடங்கலே போலிருக்கு," என்றேன். அவன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு அந்தச் சரிவையே விட்டுப் போய்விட்டான்.

நான் சந்துக்குக் கீழே உட்கார்ந்தேன். "வெல்தூர், நான்தான்," என்றேன்.

"ராம்தா, தெரியாம மூடிட்டானுங்க. ஓடிப்போய் ஆளுங்களைக் கூப்பிடு. சீக்கிரம்."

"கூப்பிடறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லு. முதல் விருந்துல லாம்போன் உன்கிட்ட என்ன கேட்டாரு? நீ என்ன சொன்னே?"

உள்ளே அவன் கதவுக்கல்லைத் தட்டினான்.

"இப்ப எதுக்கு அது? உன்னை என் பொண்டாட்டின்னுதான் சொன்னேன். எங்கப்பா மேல சத்தியம்."

அவன் அப்பா பக்கத்திலேயேதான் கிடந்தார். நான் கூடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த நாளும் போனேன். அன்று அவன் அழுதான், கெஞ்சினான், என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினான், பிறகு மன்னிப்புக் கேட்டான். எதற்கு மன்னிப்பு என்று கேட்டேன். மஞ்சத்தைக் குறைத்ததற்கு என்றான். விருந்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் அவனுக்குத் தெளிவாகச் சொன்னேன்: "உண்மையைச் சொல்லு வெல்தூர். சொன்னா இந்தக் கல்லை நகர்த்தச் சொல்றேன்." என் வாக்கில் கள்ளமில்லை. நான் கேட்டது அவ்வளவுதான். எந்த மனைவியும் கேட்கக்கூடியது.

அதற்கடுத்த நாள் அவன் சொன்னான். குரல் காய்ந்த ஓலை மாதிரி இருந்தது. நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். குழல்காரி என்றது, உள்ளே வேறு மனைவி இருப்பதாகச் சொன்னது, கையை எடுத்தது, மறுநாள் காலையில் என்னிடம் பொய் சொன்னது, அனுப்பிவிட்டேன் என்றது. எதையும் விடவில்லை. நான் கேட்டிருக்க வாய்ப்பில்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னான். நான் எழுந்து அடுத்த மஞ்சத்துக்குப் போனபோது தனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்ததாகச் சொன்னான். பேரம் முறிந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தானாம்.

"எல்லாம் சொல்லிட்டேன் ராம்தா. கல்லை எடு."

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. இவ்வளவையும் இத்தனை கோர்வையாகச் சொல்லத் தெரிந்த ஒருவனை எப்படி வெளியே விடுவது? வெளியே வந்தால் அவன் என் முகத்தைப் பார்ப்பான். நானும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். பொய் சொல்கிறவனோடு ஒரே மஞ்சத்தில் சாய்ந்துவிடலாம், ஐயா, ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் சாய்கிறார்கள். எல்லாம் தெரிந்த இருவர் எப்படிச் சாய்வது?

வீட்டுக்கு வந்தேன். அன்றைக்குப் பயற்றங்கஞ்சியும் ஆலிவும். எங்கள் மஞ்சத்தில் சாய்ந்து சாப்பிட்டேன். அதற்குப் பிறகு நான் அந்த மேட்டுக்குப் போகவில்லை. போயிருந்தால் மனம் இளகியிருக்கும், எனக்கு என்னைத் தெரியும்.

மீதி உங்களுக்கே தெரியும். இலையுதிர் காலத்தில் லாம்போன் திரும்பி வந்தார். சேத்ரேயும் அன்று வீட்டில் இருந்தான். நான் மஞ்சத்தில் தனியாகச் சாய்ந்திருந்தேன். லாம்போன் வாசலிலேயே நின்றுவிட்டார். "குழல்காரி, நீ எப்படி இங்கே?" என்றார். நான் கிரேக்கத்தில், இந்த வீட்டுத் தலைவி நான்தான் என்றேன், அவர் தக்ளி கொடுத்ததும் எனக்குத்தான் என்றேன். அந்த மனிதருடைய முகம் வெளிறியது. மேலாடையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார்.

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா," என்றார். "இன்னொருத்தன் மனைவின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் உன் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். உங்க வழக்கம் இதுதான்னு சொல்லியிருந்தா, வணங்கிட்டுச் சாப்பிட்டிருப்பேன். பேரம் இதால எங்க முறியப்போகுது? எனக்கு வேண்டியது இரும்புதானே."

ஐயா, வெல்தூர் எனக்குச் செய்ததிலேயே மோசமானது எது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவன் என்னை விற்றிருக்கவே தேவையில்லை.

லாம்போன் பிறகு வெல்தூர் எங்கே என்று கேட்டார். கடைசி நேரத்தில் கப்பலுக்கு வராமல் போய்விட்டானே என்றார். அதை நான் சேத்ரேக்கு நம் மொழியில் சொன்னேன், ஒரு வார்த்தை மாற்றாமல். அவன் மெதுவாக எழுந்தான்.

"அண்ணி, அண்ணன் கப்பல்ல போகலையாம்."

"போகல."

"பின்னே எங்க?"

அவன் கேட்டான், நான் சொன்னேன். கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கைஸ்ரா நகரத்து ராம்தா, தன் கணவன் வெல்தூருக்கு மயக்க மருந்து கொடுத்து, உயிரோடு கல்லறையில் வைத்து அடைத்தாள். திறக்கச் சொல்லி அவன் கேட்டான், அவள் திறக்கவில்லை. யாரும் தூண்டவில்லை, யாரும் உதவவில்லை. போதுமா?

இன்று காலை கல்லை நகர்த்தினீர்கள் என்று சேத்ரே சொன்னான். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். மஞ்சத்தில் எந்தப் பக்கமாகச் சாய்ந்திருந்தான்? சுவரோடு ஒட்டி, முன்னால் எனக்கு இடம் விட்டுத்தானே?

மஞ்சத்தில் இல்லையா.

கதவுக்கல்லுக்குப் பக்கத்திலா. நகங்கள் எல்லாம் தேய்ந்து, கல்லில் கை வைத்தபடியா.

நான் வருவேன் என்று அவனுக்குத் தெரியும், ஐயா. என்னை வரவேற்கத்தான் வாசல்வரை வந்திருக்கிறான்.